தொட்டுப்பார் கூடம்

போடிக்கு இறங்கி வந்த குரங்கணிக்காரர்களுக்கு, வேலை முடிந்தபின் மூன்று மணி பஸ்வரைக்கும் இருக்க ஓர் இடம் வேண்டும். ஆண்களுக்குக் கவலையில்லை, டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பெண்கள் எங்கே போவார்கள்? முத்துப்பேச்சிக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்து இருபது வருடம் ஆகிறது. மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் தொட்டுப்பார் கூடம் என்று ஓர் அறிவியல் கூடம் உண்டு. ஆளுக்கு ஐந்து ரூபாய். உள்ளே மின்விசிறி, பானைத் தண்ணீர், தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கக்கூஸ். அறிவியலெல்லாம் அதற்கப்புறம்தான்.

முப்பது வருடங்களுக்கு முன் ஏலக்காய் வியாபாரி ஒருவர் தன் பழைய சரக்குக் கிட்டங்கியைக் காலிசெய்து கொடுத்து ஆரம்பித்து வைத்த கூடம் அது. வாசல் பலகையில் 'எதையும் தொட்டுப் பார்க்கலாம்' என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருடத் தொடலில் கைப்பிடிகள் வழுவழுத்துப் போயின. உள்ளே போன பொத்தான் வெளியே வருவதில்லை. கோணல் கண்ணாடியில் பாதி ரசம் போய்விட்டதால் குண்டாகத் தெரிய வேண்டியவர் தலையே இல்லாமல் தெரிவார். மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஏலக்காய் மணக்கும்.

அங்கே எல்லாமே கிருபாராணிதான். டிக்கெட் கிழிப்பது, கூட்டுவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வது, உடைந்ததை ஒட்டுவது எல்லாம் அவள் ஒருத்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் அப்பாவுக்கு ஜீப்பு உதிரிச் சாமான் கடை. அங்கே கழித்துப்போட்டதெல்லாம் இங்கே வந்து உயிர் பிழைக்கும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து பழைய காற்றாடி மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து, நின்றுபோயிருந்த காற்றுப் பந்தை அவள் ஓடவைத்தாள். மேசையிலிருந்து காற்று பீறிடும், அதன் மேலே ஒரு பந்து எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். முத்துப்பேச்சி எத்தனை தடவை வந்தாலும் அதன்முன் ஐந்து நிமிடம் நிற்பாள். சாமியைக் கும்பிடுகிற மாதிரிதான் நிற்பாள், ஆனால் எதுவும் கேட்கமாட்டாள்.

மகன் சின்ராசுவை மூன்று வயதில் இடுப்பில் வைத்துக்கொண்டு முதன்முதலாக இங்கே வந்தாள். இப்போது அவனுக்கு இருபத்திமூன்று. குரங்கணிக்கு மேலே ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் நான்கு ஏக்கர் காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்து, அவளும் புருஷன் அழகுமலையும் மகனும் பாடுபடுகிறார்கள். மார்கழியும் தையும் பழம் எடுக்கும் காலம். விடியும்போதே கூடையைக் கட்டிக்கொண்டு செடிக்குள் நுழைந்தால், பனி முதுகில் சொட்டச் சொட்டப் பத்து மணி வரைக்கும் நிமிர முடியாது. அப்புறம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். மறுபடி செடி. பறித்ததைக் குதிரைமேல் ஏற்றிக் குரங்கணிக்கு இறக்கி, பஸ்ஸில் போட்டுப் போடிக்குக் கொண்டு வரவேண்டும்.

பழுத்த பழத்தை மட்டும்தான் பறிக்க வேண்டும், பச்சைக் காயைத் தொடக்கூடாது. வேலை அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும். சின்ராசுவுக்கு மட்டும் அது வரவே இல்லை.

வேறு எதிலும் அவனைக் குறை சொல்ல முடியாது. மரம் ஏறி நல்லமிளகு பறிக்க அவனை விட்டால் ஆளில்லை. காட்டுமாடு வருவதைச் சருகுச் சத்தத்தில் கண்டுபிடிப்பான். காப்பிச் செடியில் கை வைத்தால்தான் வினை. நின்று நின்று மெதுவாகப் பறிப்பான், அப்படிப் பறித்தும் கூடைக்குள் பச்சை கிடக்கும். செடியைப் பார்த்தால், கண்ணுக்கு நேரே பழுத்துச் சிவந்தது அப்படியே தொங்கும். பராக்குப் பார்க்கிறான் என்பார் அழகுமலை. சின்ன வயதில் குச்சியால் அடித்தார், பெரியவனானபின் வாயால் அடித்தார். முத்துப்பேச்சி, அவர் அசந்த நேரம் மகன் கூடையைப் படுதாவில் கொட்டிப் பச்சையைப் பொறுக்கி வீசிவிடுவாள். இப்படியே ஏழெட்டு வருடம் ஓடிவிட்டது.

இந்த மார்கழிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல். நான்கு நாள் படுத்துவிட்டாள். அந்த நான்கு நாள் பறிப்பு அப்படியே சாக்கில் ஏறிப் போடிக்கு வந்தது.

காப்பி வாங்கும் ஜோயல் நல்ல பையன்தான், ஆனால் பழத்தில் கறார். முழுப் பழுப்பு மட்டும்தான் எடுப்பான், அதற்காகவே மற்றவர்களைவிடக் கூட விலை போடுவான். மூன்று சாக்கையும் சிமிண்டுக் களத்தில் கொட்டிக் காலால் பரப்பினான்.

"அழகுமலையண்ணே, இதென்ன இப்படிக் கெடக்கு? பச்சையாக் கெடக்குண்ணே."

"கொஞ்சம் கலந்திருக்கும் தம்பி. இவளுக்கு மேலுக்கு முடியல."

"அக்காவுக்கு முடியலன்னா பழம் பச்சையாயிருமா? எனக்கு வேணாம்ணே. கோவிச்சுக்கிறாதீக. அடுத்த லோடும் இப்படித்தான்னா என்கிட்டக் கொண்டாராதீக, சொல்லிட்டேன்."

பரப்பிக் கிடந்த பழத்தை அழகுமலை கூட்டிக் குவித்தார். சாக்கை அள்ளிக் கட்டினார். வேறொரு கடையில் கேட்ட விலைக்குத் தள்ளினார். அவர் பேசாமல் இருந்தால்தான் பயப்படவேண்டும் என்பது முத்துப்பேச்சிக்குத் தெரியும். பஸ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது. காய்ச்சல் விட்ட உடம்பு, வெயிலில் நிற்க முடியவில்லை. மூன்று பேருமாகக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

"வாங்கக்கா. நல்ல நாள்ல வந்தீக" என்றாள் கிருபாராணி. "கண்ணு ரூமைத் தொறந்துட்டேன். கூரை ஒழுகி இருவத்தஞ்சு வருசமாப் பூட்டிக் கெடந்துச்சே, அதான். தகரம் மாத்தி, வயர் இழுத்து, நேத்துத்தான் லைட்டு போட்டேன். மொத ஆளு நீங்கதான்."

தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுகிறவள் போல இருந்தது அவள் முகம். அதைப் பார்த்துவிட்டு யாருக்குத்தான் வரமாட்டேன் என்று சொல்ல மனசு வரும்? அழகுமலைகூட எழுந்து வந்தார்.

உள்ளே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம். தட்டு அகலத்துக்கு வட்டம், வட்டம் நிறையச் சின்னதும் பெரிதுமாகப் புள்ளிகள். பின்னால் விளக்கு எரிந்தது.

"புள்ளிக்குள்ள ஒரு நம்பர் ஒளிஞ்சிருக்கும். சொல்லுங்க பாப்பம்."

"எட்டு" என்றார் அழகுமலை.

"எட்டு" என்றாள் முத்துப்பேச்சி. முப்பது நாற்பது பழத்தை இலைக்கு நடுவே கொட்டி எழுதினதுபோல எட்டு பளிச்சென்று தெரிந்தது.

சின்ராசு கிட்டே போய்ப் பார்த்தான். "மூணு."

"என்னடா?"

"மூணுப்பா. நல்லாப் பாருங்க, மூணுதான்."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அழகுமலையின் கையில் இறங்கியது. பிடரியில் ஓர் அடி. பின்னால் வந்து நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவர் ஒளிந்தார்கள்.

"வெளையாடுறியா? ஊரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டு, இங்க வந்து எட்டை மூணுங்கிறியா? எகத்தாளம். எல்லாம் எகத்தாளம். பொங்கல் கழிஞ்சதும் திருப்பூருக்குப் போயிரு. பனியன் கம்பெனில எதையாவது அள்ளிப் போடு. அருள்பாண்டிய வரச்சொல்லி நான் தோட்டத்தப் பாத்துக்கிறேன்."

அருள்பாண்டி அவருடைய தங்கை மகன். சின்ராசு பிடரியைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை படத்தைப் பார்த்தான், அப்புறம் வெளியே போய்க் குழாயடியில் நின்றான்.

"அண்ணே, அவரு வெளையாடலண்ணே" என்றாள் கிருபாராணி. "செல பேருக்குச் செவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது. அவங்களுக்கு இது மூணாத்தான் தெரியும்."

"படம் வெளுத்துப்போச்சு தாயி. இங்க எதுதான் சரியா இருக்கு? கண்ணாடில என் தலையே தெரியல. அதுக்காக எனக்குத் தலை இல்லாமப் போச்சா?"

அவருக்குத் தான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். கிருபாராணி முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போனாள்.

"அக்கா, அலமாரில இன்னும் அட்டைக இருக்கு. வெளிச்சம் படாத அட்டைக, வெளுக்கல. பூஞ்சை புடிச்சிருக்கு, தொடச்சு வக்கிறேன். ஒரு வாரங்கழிச்சு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. இன்னொண்ணு கேக்கணும். இது ஆம்பளப் பிள்ளைகளுக்கு அம்மா வழியா வரும். உங்க அப்பா எப்படி?"

முத்துப்பேச்சி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய அப்பா பாண்டித்துரை எஸ்டேட்டில் கூலிக்குப் பழம் பறித்தவர். பச்சைக்காய்ப் பாண்டி என்றுதான் அவருக்குப் பெயர். எடைபோடும் இடத்தில் கங்காணி அவர் கூடையைக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டுவான், எல்லோரும் சிரிப்பார்கள். பத்து வயது முத்துப்பேச்சி அந்தக் கூட்டத்தில் தள்ளிப் போய், வேறு யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி நிற்பாள். ஒருநாள் அவளும் சிரித்தாள். அப்பா அதைப் பார்த்தார். இதை அவள் இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

கிருபாராணியிடம் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். அந்தப் பெண் டிக்கெட் மேசைப் பக்கம் வந்து நின்றவர்களைக் கொஞ்சம் பொறுங்கள் என்று கைகாட்டிவிட்டு முழுவதையும் கேட்டாள்.

தோட்டத்துக்குத் திரும்பினார்கள். பொங்கல் வந்தது, போனது. சின்ராசு எப்போதும்போல விடியும்போது எழுந்து கூடையைக் கட்டினான், எப்போதும்போல மெதுவாகப் பறித்தான். அழகுமலை குரங்கணி வரைக்கும் இறங்கிப் போய், செல்போனில் சிக்னல் கோடு கிடைக்கிற இடத்தில் நின்று அருள்பாண்டியோடு பேசிவிட்டு வந்தார். திங்கட்கிழமை வருகிறானாம்.

மறுநாள் காலை முத்துப்பேச்சி கூடையைக் கட்டவில்லை. அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க அந்தக் கூடத்துக்கு வந்து இன்னொருக்காப் படத்தப் பாக்குறவரைக்கும் நான் செடியத் தொட மாட்டேன்."

"கிறுக்குப் புடிச்சிருக்கா? பழம் கொட்டுதுடி."

"கொட்டட்டும்."

"ஒரு படத்தப் பாத்து என்னாகப் போகுது?"

"ஒண்ணும் ஆகலன்னா எம்மவன நானே கூட்டிட்டுப் போயித் திருப்பூர் பஸ்சுல ஏத்தி விடுறேன். எங்கய்யாவுக்குத்தான் நான் நிக்கல. இவனுக்கு நிப்பேன்."

இருபத்தைந்து வருடத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. ஒருநாள் முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தார். தானே உலை வைத்துச் சோற்றைக் குழைத்தார். மறுநாள் பழம் சருகுமேல் பொத்துப் பொத்தென்று விழுகிற சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. "கெளம்பு" என்றார்.

கூடத்தில் கிருபாராணி ஒரு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் பன்னிரண்டு அட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வோர் அட்டையையும் பஞ்சு வைத்துத் துடைத்திருந்தாள் என்று பார்த்தாலே தெரிந்தது. அதில் மற்றதை ஒதுக்கிவிட்டு ஐந்தே ஐந்தை எடுத்தாள்.

"அண்ணே, போன தடவ படம் வெளுத்திருச்சுன்னு சொன்னீகள்ல. சரி. இந்த அஞ்சு அட்டையும் வேற மாதிரி. நல்ல கண்ணு இருக்கிறவுகளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எனக்கே தெரியாது. விடை அட்டைக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கு. நீங்களே கைல வச்சுக்கங்க. நீங்களே கலைச்சுப் போடுங்க. நீங்களே அவருகிட்டக் காட்டுங்க."

அழகுமலை சீட்டுக்கட்டைக் கலைக்கிறவர்போலச் சந்தேகத்தோடு கலைத்தார். "அவன அங்கிட்டுத் திரும்பச் சொல்லு" என்றார். மறுபடியும் கலைத்தார். முதல் அட்டையைத் தூக்கித் தான் பார்த்தார். வெறும் புள்ளி. மனைவியிடம் காட்டினார். அவளுக்கும் வெறும் புள்ளிதான்.

"இதுல ஒண்ணுமில்ல. இப்பத் திரும்புடா."

சின்ராசு திரும்பினான். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அஞ்சு."

அழகுமலை அட்டையைத் திருப்பினார். மூலையில் சின்னதாக ஐந்து என்ற எண் அச்சாகியிருந்தது.

இரண்டாவது அட்டையிலும் அவருக்கு எதுவும் தெரியவில்லை. "ரெண்டு" என்றான் சின்ராசு. திருப்பினார், இரண்டு. மூன்றாவதற்கு "நாப்பத்தஞ்சு" என்றான். திருப்பினார். நான்காவதும் சரியாகவே இருந்தது. ஐந்தாவதைக் காட்டவே இல்லை. மேசைமேல் வைத்துவிட்டார்.

"எல்லாருக்கும் தெரியாதது இவனுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்றார் மெதுவாக.

"நமக்கு நிறம் கண்ண மறைக்குது. இவருக்கு அந்த நிறம் பிரியல, அதனால உள்ள இருக்கிறது நேராத் தெரியுது. கண்ணு கெட்டுப்போகலண்ணே. வேற கண்ணு."

அழகுமலை மகனைப் பார்த்தார். போன வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தார்.

"அப்பப் பழம் எதுன்னு எப்படிடா தெரிஞ்சுக்கிற?"

இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தான் சின்ராசு. "அமுக்கித்தான். பழம்னா வெரலுக்கு மெத்துனு இருக்கும். காய்னா கல்லாட்டம் இருக்கும். எல்லாரும் அப்படித்தான பறிக்கிறீக?"

அழகுமலை மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அமுக்கமாட்டீகளா?"

"இல்லப்பா" என்றாள் முத்துப்பேச்சி. "பாத்தாலே தெரியும்."

"பாத்தாலேயா?" அவன் அம்மாவையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தான். "செவப்பு, பச்சைன்னு சொல்லுவீக. எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான். அமுக்கிப் பாத்துட்டு வக்கிற பேருன்னு நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் வெரசா அமுக்குறீக, எனக்குத்தான் கை வரலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். இத்தனை வருடமும் ஒவ்வொரு பழமாக விரலில் பிடித்து, அப்பா வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்த்து, முடியாமல் அடிவாங்கிய பிள்ளை, அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறானே என்று முத்துப்பேச்சிக்கு நெஞ்சு விம்மியது. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு அந்த நிமிடம் அவள் பட்ட பெருமையைச் சொல்லி மாளாது. கூடவே எங்கோ ஒரு கூட்டத்தில் அப்பா நிற்பதும் தெரிந்தது. அவரும் அமுக்கித்தான் பறித்திருப்பார்.

கிருபாராணி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் சுற்றினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சில நேரத்தில் பார்க்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான், அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பஸ்ஸில் அழகுமலை ஜன்னலோரம் உட்கார்ந்து, மலையைப் பார்த்தபடியே வந்தார். முந்தல் தாண்டியபின் வாயைத் திறந்தார்.

"அம்மா வழியா வரும்னுச்சு அந்தப் பொண்ணு."

"ஆமா. எங்கய்யா வழி."

"கல்யாணத்துக்குச் சீர் கொண்டா சீர் கொண்டான்னு எங்காத்தா கேட்டுச்சு. நீ ஒண்ணும் கொண்டாரலன்னுச்சு." தலைத்துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "கொண்டாந்துதான் இருக்க."

அவர் குறைசொல்கிறாரா, சமாதானம் பேசுகிறாரா என்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை. அவருடைய கை அவள் கைப்பக்கம் கிடந்தது. சரி, சமாதானம்தான் என்று எடுத்துக்கொண்டாள். ஆனால் திங்கட்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. அருள்பாண்டியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கேட்டால் முயலுக்கு மறுபடியும் மூன்று கால் முளைத்துவிடும்.

மறுநாள் விடிந்து மேகம் இன்னும் மேலேறவில்லை. முத்துப்பேச்சி வரக்காப்பியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கினாள். சின்ராசு கீழ்ப்பாத்தியில் பறித்துக்கொண்டிருந்தான். அழகுமலையை முதலில் காணவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், மனுஷன் தலைத்துண்டை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு ஒரு செடிமுன் நின்றார். இரண்டு கையும் இலைக்குள் தடவியது. ஒன்றைப் பிடிப்பார், அமுக்குவார், யோசிப்பார், மறுபடி அமுக்குவார், பறித்துக் கூடையில் போடுவார். கிளை கன்னத்தில் குத்தியது. எறும்பு கடித்துக் கையை உதறினார். துண்டை மட்டும் அவிழ்க்கவில்லை.

அவள் சத்தமில்லாமல் நின்று பார்த்தாள். தூக்குச்சட்டி சூடு ஆறியது.

"யாரு, பேச்சியா?"

"நாந்தான்."

"கூடையக் கொட்டி எண்ணு."

அவள் முந்தானையை விரித்துக் கொட்டினாள். எண்ணினாள். "முப்பத்திரண்டு இருக்கு."

"பச்சை?"

"பதினேழு."

அழகுமலை கண்கட்டோடே அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "அவன் கூடையில எம்புட்டு இருக்கும்? நீதான பொறுக்கி வீசுவ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சொல்லு."

"நூத்துக்குப் பத்து இருக்கும்" என்றாள் முத்துப்பேச்சி. "அதுக்குத்தான் அடிச்சீக."

சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அவர் கண்ணைக் கட்டியிருந்த துண்டின் ஓரம் நனைந்து கறுத்தது. கீழ்ப்பாத்தியில் மகன் கிளையை வளைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அருள்பாண்டிக்கு நீ ஒரு போனப் போட்டு வரவேணாம்னு சொல்லிரு" என்றார் கடைசியில்.

"நீங்களே சொல்லுங்க."

"சரி, நானே சொல்றேன்." கூடையைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தார். கண்கட்டை அவிழ்க்காமலே கீழ்ப்பாத்திப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ அப்பு, சின்ராசு. இங்கிட்டு வாடா. எம்புட்டு அமுக்கணும்னு எனக்குப் பிடிபடல."